விறகைப் பிளக்கும் எண்ணெய்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் பிற்பகலில் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. சென்னையிலும், அதன் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலும் அன்று மாலைக்குள் சாய்ந்த மரங்கள் ஆயிரக்கணக்கானவை. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் வழியில் உள்ள பாரிவாக்கத்தில், என் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பும் அவற்றுள் ஒன்று. சில வாரங்கள் கழித்துப் பொறிவாளோடு வந்த இருவர் அம்மரத்தை ஒன்றரை அடி நீளத் துண்டங்களாக அறுத்துப் போட்டுவிட்டு, கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டனர். அவர்களுக்கு அப்போது எல்லாத் தெருக்களிலும் வேலை இருந்தது. எனக்கோ கொல்லை நிறையக் கட்டைகள் மிஞ்சின.

மரத்தை அறுப்பது ஒரு வேலை. பிளப்பது வேறொரு வேலை. பருத்த கட்டை அப்படியே அடுப்புக்கு ஆகாது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். அந்நீரில் ஒவ்வொரு கிலோகிராமையும் ஆவியாக்கி வெளியேற்ற 600 கிலோகலோரி அளவு வெப்பம் செலவாகிறது. நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தாலோ ஏறத்தாழ 4,000 கிலோகலோரிதான் கிடைக்கும். ஆகவே ஈர விறகை எரிப்பவர் முதலில் நீரைக் காய்ச்சுகிறார். பிறகுதான் சோற்றைக் காய்ச்சுகிறார். இடைப்பட்ட நேரத்துப் புகை அவர் கண்ணுக்குப் போகிறது. கட்டையைப் பிளந்துவிட்டால் உள்மரம் காற்றுக்கு வெளிப்பட்டு விரைவில் உலரும். பிளக்காத கட்டையின் பட்டையோ, புட்டிக்கு மூடி போட்டாற்போல ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நம் கிழக்குக் கடற்கரையில் விறகுக்கென்றே பரவலாகப் பயிரிடப்பட்ட சவுக்குக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதனைக் கழியாக இருக்கும்போதே வெட்டிவிடுகிறோம். புயலில் வீழ்ந்த முதிர்ந்த வேம்பு அப்படிப்பட்டதன்று.

வட்டாரத்தில் திருமணச் சமையல்களுக்கு விறகு பிளந்து கொடுத்துவந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டினார்.

"முறுக்கோடிய மரம், ஐயா. பச்சையாக இருந்தபோதே என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இனிமேல் கோடரி உள்ளே போகும், திரும்பி வராது. என் தோளும் முன்னைப்போல இல்லை" என்றார்.

கூலி பேசவே இல்லை. அருகில் நின்றிருந்த அண்டை வீட்டுப் பிள்ளை, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயில்பவன், "மாமா, லாரியையே தூக்குகிற ஜாக்கி இந்தக் கட்டையைப் பிளக்காதா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு முழு விடை காண எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. விடையின் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எஞ்சிய பகுதியை நாங்கள் தவறு செய்துதான் கற்றோம்.

முதலில் மரம் ஏன் பிளக்கிறது என்பதைக் காண்போம். தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய துடைப்பம் ஒன்றைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். அதனைக் குறுக்கே ஒடிக்க முயன்றால் எளிதில் ஒடியாது. இரு புறமும் பற்றி இழுத்தாலும் அறுபடாது. கட்டை அவிழ்த்துப் பக்கவாட்டில் பிரித்தாலோ ஒரு குழந்தையின் விரல்களும் போதும். மரமும் இத்தகையதே. நெடுக்கு வாக்கில் அடுக்கிய நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. நாரின் நெடுக்கில் மரத்துக்குள்ள வலிமையோடு ஒப்பிட்டால், நாரை நாரிலிருந்து பிரிப்பதை எதிர்க்கும் வலிமை பல மடங்கு குறைவு. எனவே ஆப்பு மரத்தை வெட்டுவதில்லை. அஃது ஒரு பிளவைத் தொடங்கி வைத்து, அதன் இரு கரைகளையும் அகற்றுகிறது. பிளவு தானே ஆப்புக்கு முன்னால் ஓடுகிறது. நார்கள் நேராக ஓடும் மரத்தில் இது விரைவில் நிகழும். வேம்பு, புளி போன்றவற்றில் நார்கள் ஒரு வளையத்தில் இடமாகவும் மற்றொரு வளையத்தில் வலமாகவும் சாய்ந்து பின்னிக்கிடக்கும். பெரியவர் 'முறுக்கு' என்றது இதனையே. கிளை பிரிந்த இடத்துக் கணுவிலோ, கிளையின் நார்கள் தண்டின் நார்களுக்குக் குறுக்கே செருகப்பட்டிருக்கும். அங்கே ஆப்பு பிரிப்பதோடு நில்லாமல் அறுக்கவும் வேண்டியிருக்கிறது. கோடரி தன் வேகத்தையெல்லாம் ஒரு கணத்தில் செலவிட்டுவிட்டு நின்றுவிடும். நமக்கு வேண்டியது, நின்றுவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு விசை.

அவ்விசையின் கதை பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலிடம் தொடங்குகிறது. திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1663இல் வெளிவந்தது. நீர் நிறைந்த மூடிய கலம் ஒன்று. அதற்கு இரண்டு வாய்கள். ஒன்று மற்றொன்றைப்போல நூறு மடங்கு பெரிது. இரண்டிலும் இறுகப் பொருந்திய தண்டுகள். சிறிய வாயில் ஒருவன் அழுத்தினால், பெரிய வாயில் நூறு பேர் அழுத்தினாலும் அவனுக்கு நிகராக நிற்பார்களேயன்றி வெல்ல மாட்டார்கள் என்று அவர் விளக்கினார். மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரே அளவில் தள்ளுவதே இதற்குக் காரணம். பரப்பு நூறு மடங்கானால் விசையும் நூறு மடங்காகிறது. இதற்குரிய விலையும் உண்டு. சிறிய தண்டு நூறு அங்குலம் இறங்கினால்தான் பெரிய தண்டு ஓர் அங்குலம் ஏறும்.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்று பயனுள்ள பொறியாவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1795இல்தான் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா என்பவர் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தச்சு வேலையில் பழகியவர். பூட்டுச் செய்வதில் பெரும் பெயர் பெற்றவர். இடையில் தடையாக நின்றது ஒழுக்கு. தண்டு தளர்வாக இருந்தால் நீர் பீறிடும். இறுக்கமாக இருந்தால் தண்டு நகராது. பிரமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே இதற்கு வழி கண்டார் என்பர். கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் ஒன்றைத் தண்டைச் சுற்றி அமைத்தால், ஒழுகப் பார்க்கும் நீரே அவ்வளையத்தின் உதட்டைச் சுவரோடு அழுத்தி, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். அழுத்தம் மிக மிக அடைப்பும் இறுகும். இன்று தோலுக்கு மாறாக ரப்பர் போன்ற பொருள்களாலான 'சீல்'களை இடுகிறோம், கருத்து மாறவில்லை.

மாணவன் கேட்ட லாரி ஜாக்கியும் இந்தப் பரம்பரையில் வந்ததே. அதன் சிறிய தண்டின் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரிய தண்டின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு 16 மடங்கு. கைப்பிடி நெம்புகோலாகி மேலும் 15 மடங்கு தந்தால், கை தரும் 40 கிலோகிராம் விசை 9,600 கிலோகிராமாகிறது. கட்டையைப் பிளக்க இது பெரும்பாலும் போதும். ஆயினும் சிறிய தண்டு ஒருமுறை 2 சென்டிமீட்டர் இறங்கினால், பெரிய தண்டு ஏறுவது ஒன்றேகால் மில்லிமீட்டர். ஆப்பு 15 சென்டிமீட்டர் செல்ல 120 முறை கைப்பிடியை அடிக்க வேண்டும். ஒரு கட்டைக்கு இது விளையாட்டு. கொல்லை நிறையக் கட்டைகளுக்குத் தண்டனை. ஆதலின் கைக்கு மாற்றாக மின்மோட்டாரும் பம்பும் வைப்பதென்று முடிவு செய்தோம்.

எங்கள் பக்கத்தில் இத்தகைய முயற்சிக்கு வேண்டிய பொருளும் ஆளும் கிடைப்பது அரிதன்று. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அதன் பயனாக, லேத்து ஓட்டவும் எஃகைப் பற்றவைக்கவும் அறிந்தவர் இங்கே தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பழைய வண்டி உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. 10 சென்டிமீட்டர் உள்விட்டமும் 60 சென்டிமீட்டர் ஓட்டமும் உடைய பழைய சிலிண்டர் ஒன்று கிடைத்தது. அதன் உட்சுவரை மெருகிட்டுச் சீல்களைப் புதிதாக மாற்றினோம்.

கணக்கைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 150 கிலோகிராம் அழுத்தம் தந்தால், தள்ளும் விசை ஏறத்தாழ 12,000 கிலோகிராம், அதாவது 12 டன். வளர்ந்த ஆண் யானைகள் மூன்றின் எடை அது. இதனை ஓட்டுவதற்கு எத்துணைப் பெரிய மோட்டார் வேண்டும்? மாணவன் குறைந்தது 10 குதிரைத்திறன் வேண்டும் என்றான். நான் வாங்கியது 2 குதிரைத்திறன். மோட்டாரின் திறன் விசையைத் தீர்மானிப்பதில்லை, நேரத்தைத்தான் தீர்மானிக்கிறது. 2 குதிரைத்திறன் மோட்டார், இழப்புகள் போக, 150 கிலோகிராம் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5 லிட்டர் எண்ணெயை அனுப்ப வல்லது. சிலிண்டர் நிரம்ப 4.7 லிட்டர் வேண்டும். ஆகவே முழு ஓட்டத்துக்கு ஒரு நிமிடத்திற்குச் சற்றே குறைவான நேரம் ஆகும். 5 குதிரைத்திறன் வைத்தால் அரை நிமிடத்திற்குள் முடியலாம். அதற்கு மும்முனை மின்னிணைப்பு வேண்டும். விறகு பிளந்து விற்பவருக்கு அந்த அவசரம் உண்டு. எனக்கு இல்லை.

பம்பைப் பற்றிப் பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கின்றனர். பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்கிறார்கள். பம்பு செய்வதெல்லாம், ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரண்டு பற்சக்கரங்களால் எண்ணெயை அள்ளி அனுப்புவதே. எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். பொறியை வெறுமனே ஓட்டும்போது அழுத்தமானியின் முள் 10, 15 என்ற அளவில் சோம்பிக்கிடக்கும். ஆப்பு மரத்தைத் தொட்டதும் முள் எழும். 60, 80, 100 என்று ஏறும். மோட்டாரின் ஒலி கனக்கும். பிளவு ஓடிய கணத்தில் முள் பொத்தென்று விழும். கட்டைக்குள் நடப்பதை அந்த முள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பு நீங்காவிடில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாயையோ சிலிண்டரையோ உடைக்கும். அதனைத் தடுக்கவே ஒரு விடுவிப்பு வால்வு இருக்கிறது. 150ஐ எட்டியதும் அது திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். பழைய பம்பு வாங்கலாம், பழைய சிலிண்டர் வாங்கலாம். இந்த வால்வை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி எங்கள் தவற்றுக்கு வருகிறேன். பொறியின் சட்டம், இரும்புக் கடையில் கர்டர் என்று வழங்கும் ஐ வடிவ எஃகு உத்தரம். அதன் ஒரு முனையின்மேல் சிலிண்டரின் அடிப்பாகத்தைப் பிணைத்தோம். மறுமுனையின்மேல் ஆப்பை நிறுத்தினோம். இடையில் கிடக்கும் கட்டையைச் சிலிண்டர் ஆப்பின்மேல் தள்ளும். அப்போது 12 டன் விசை உத்தரத்தின் இரு முனைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கப் பார்க்கும். நான் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள உத்தரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 19 சதுர சென்டிமீட்டர். 12,000ஐ 19ஆல் வகுத்தால் சுமார் 630. சாதாரண எஃகு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோகிராம் வரை நிலையாக உருமாறாது தாங்கும். நான்கு மடங்கு பாதுகாப்பு இருக்கிறதென்று மகிழ்ந்து, பற்றவைப்பு வேலையை முடித்தோம்.

மூன்றாம் நாள் கணு நிறைந்த கட்டை ஒன்று அகப்பட்டது. முள் 150ஐத் தொட்டது, வால்வு சீறிற்று, கட்டை பிளக்கவில்லை. பொறியை நிறுத்திப் பார்த்தபோது ஆப்பு சற்றே வெளிப்புறம் சாய்ந்தாற்போல எனக்குத் தோன்றியது. மாணவன் கொத்தனாரைப்போல உத்தரத்தின்மேல் நூல் பிடித்தான். நேராகக் கிடக்க வேண்டிய எஃகு 4 மில்லிமீட்டர் வளைந்திருந்தது.

நான் மறந்தது இதுதான். விசை உத்தரத்தின் நடுக்கோட்டில் செல்லவில்லை. சிலிண்டரின் மையம் அந்நடுக்கோட்டுக்கு 17.5 சென்டிமீட்டர் மேலே இருந்தது. ஆகவே ஆப்பைத் தாங்கிய தூண் ஒரு கடப்பாரையாக மாறி, உத்தரத்தின் முனையை நெம்பியது. 12,000ஐ 17.5ஆல் பெருக்கினால் வளைக்கும் திருப்புமை 2,10,000. அந்த உத்தரத்தின் வளைவு எதிர்ப்பெண் 97. வகுத்தால் 2,160 வருகிறது. அதனோடு முன்சொன்ன 630ஐக் கூட்டினால் 2,790. எஃகின் எல்லையான 2,500ஐ அது தாண்டிவிட்டது. நான் எண்ணியிருந்த நான்கு மடங்குப் பாதுகாப்பு உண்மையில் ஒரு மடங்குகூட இல்லை. இந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து, தேர்விலும் எழுதியவன் நான்! உத்தரம் வளைந்ததோடு விட்டது. பற்றவைத்த இடம் விண்டிருந்தால், ஆப்பு எங்களை நோக்கி வந்திருக்கக்கூடும்.

அடுத்து வாங்கிய உத்தரத்தின் உயரம் 20 சென்டிமீட்டர். உயரம் மூன்றில் ஒரு பங்கே கூடியது. வளைவு எதிர்ப்போ 97இலிருந்து சுமார் 223ஆக உயர்ந்தது. வளைவைத் தாங்குவதில் உயரத்துக்கும் மேல்கீழ்ப் பட்டைகளின் பருமனுக்கும் அத்துணை மதிப்பு உண்டு. இப்போது மையத் தொலைவு 20 சென்டிமீட்டர். பரப்பு 32 சதுர சென்டிமீட்டர். இரண்டு தகைவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,450. மீட்டருக்குப் பத்துக் கிலோகிராம் எஃகு கூடுதலாகச் செலவாயிற்று. வெறும் விசையைப் பெறுவதற்கு ஒரு பழைய சிலிண்டரும் சிறிய மோட்டாரும் போதும். அவ்விசையைப் பிடித்து நிறுத்துவதற்கே பொறியின் பெரும்பகுதி எடையும் செலவும் போகின்றன. பிரமா நீரைப் பிடித்து வைக்கப் பட்ட பாட்டை அப்போதுதான் நான் உள்ளபடி உணர்ந்தேன். இரண்டாம் முறை பற்றவைப்பையும் நான் செய்யவில்லை. கொதிகலன் வேலையில் பழகிய வெல்டர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் ஆப்பின் முதுகில் கனத்த முக்கோணத் தாங்குதகடுகளையும் வைத்தார்.

ஆப்பு, 25 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண எஃகுத் தகடு. லாரி வில்பட்டையில் செய்தால் கூர் மழுங்காது என்று சிலர் கூறினர். அந்த எஃகு கடினமானதுதான்; ஆனால் உரிய முன்சூடேற்றமின்றிப் பற்றவைத்தால் தையலருகே விரிசல் காணும். ஆப்புக்குச் சவரக் கத்தியின் கூர் வேண்டியதில்லை. பிளவைத் தொடங்கி வைக்கக் குறுகிய முனையும், அதன் பின்னே கரைகளை அகற்ற விரிந்த தோள்களும் இருந்தால் போதும்.

ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையை நீங்கள் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள். பாதி பிளந்த மரத்தில் தச்சர் விட்டுச்சென்ற ஆப்பை அது அசைத்தது. விரிந்திருந்த மரம் மூடிக்கொண்டது. பஞ்சதந்திரக் கதையை எழுதியவர் மரத்தின் மீள்விசையை அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாதி பிளந்த கட்டையினுள் விரலை விடுபவருக்கு இன்றும் அதே கதிதான். எனவே எங்கள் பொறியில் வால்வின் பிடியை ஒரு கையும், மின்விசைப் பொத்தானை மறுகையும் பற்றியிருந்தால்தான் தண்டு நகரும். கட்டையை வைப்பவரும் பொறியை இயக்குபவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒருவர் பிடிக்க ஒருவர் இயக்குவது உதவிபோலத் தோன்றும். கைகள் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

அதனினும் கொடிய அபாயம் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. ரப்பர்க் குழாயில் ஊசிமுனையளவு துளை விழுந்தால், உயரழுத்த எண்ணெய் மயிரிழைபோலப் பீறிடும். ஒழுக்கு எங்கே என்று விரலால் தடவினால், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். புண் கொசுக்கடிபோலத்தான் இருக்கும். வலியும் முதலில் இராது. ஆனால் அன்றே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடில் விரலை, சிலவேளை கையையே இழக்க நேரும். ஒழுக்கைத் தேட வேண்டுமானால் பொறியை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தேடுக. ஓடும்போதே பார்க்க வேண்டியிருந்தால், நீண்ட கழியில் கட்டிய அட்டைத் துண்டால் பார்க்க வேண்டும், கையால் அன்று. மற்றொன்று: சிலிண்டரை ஒருபோதும் காற்றடைத்துச் சோதிக்கலாகாது. எண்ணெய் ஏறத்தாழச் சுருங்காதது. கலம் விண்டால் அழுத்தம் உடனே வீழ்ந்துவிடும். சுருங்கிய காற்றோ, உடைந்த துண்டுகளைக் குண்டுபோல எறியும்.

ஏப்ரல் மாதத்தில் பொறி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. வெயிலில் எண்ணெய் இளகிவிடாதிருக்க 68ஆம் எண் எண்ணெயை 20 லிட்டர்த் தொட்டியில் நிரப்பியிருந்தோம். விறகு பிளக்கும் பெரியவரை ஒருநாள் அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவன் ஒரு கட்டையை வைத்து இயக்கினான். முள் 140ஐத் தாண்டித் தயங்கிற்று. அதன் பின்னரே கட்டை முனகிக்கொண்டு பிளந்தது.

"நிறுத்து, தம்பி" என்றார் பெரியவர். அடுத்த கட்டையை அவரே புரட்டினார். அறுத்த முகத்தில் உலர்ந்த வெடிப்புகள் நடுவிலிருந்து ஆரம்போல ஓடியிருந்தன. அவற்றுள் நீண்ட ஒன்றை விரலால் காட்டி, "மரம் தானே வழி சொல்லியிருக்கிறது, பார். கணு ஆப்பின் கீழே வராமல் பக்கத்தில் ஒதுங்கட்டும். இந்தக் கோட்டின்மேல் ஆப்பு நிற்கட்டும்" என்று கட்டையைக் கால்வட்டம் திருப்பி வைத்தார்.

மாணவன் இரு கைகளாலும் பிடிகளைப் பற்றினான். முள் எழுந்தது. 90இல் கட்டை இரண்டாக விரிந்து உத்தரத்தின் இருபுறமும் விழுந்தது.